ஊரை அளக்காத தரவரிசை

வறுமையை அளப்பது அரசின் வேலை, வறுமையைப் பற்றி முறையிடுவது சனங்களின் வேலை என்றொரு பிரிவினை இலங்கையின் அபிவிருத்தி நிருவாகத்திலும் அதைச் சார்ந்து எழுதும் ஆய்வாளர் பலரிடத்திலும் கேள்விக்கு அப்பாற்பட்ட உண்மைபோல் நிலைத்துவிட்டது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் வெளியிடும் மாவட்ட வறுமை விகிதங்களும், பிரதேச செயலாளர் பிரிவுகளை நிறம் தீட்டிக் காட்டும் வறுமை வரைபடங்களும், 2023 முதல் அஸ்வெசும நலன்புரித் திட்டத்துக்காகக் குடும்பங்களுக்கு இடப்படும் புள்ளிகளும் விருப்பு வெறுப்பற்ற அளவீடுகள் என்றும், அதே ஊர்களில் வாழ்பவர்கள் தங்கள் ஊரைப் பற்றிச் சொல்பவை மண்பற்றாலோ பழகிப்போன சகிப்பாலோ உதவி கிடைக்கும் என்ற கணக்காலோ திரிந்தவை என்றும் இந்தக் கருத்து கொள்கிறது. இரண்டும் முரண்படும்போது திருத்தப்பட வேண்டியது ஊராரின் பேச்சே என்ற முடிவு அதிலிருந்து தானாகவே வந்துவிடுகிறது. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளையும் கவனித்துப் பார்த்தால் இந்த முடிவு நிற்காது. அங்கே தரவரிசை ஊரை அளப்பதே இல்லை. குடும்பங்களிடம் உள்ள சில பொருள்களையும் அவற்றின் செலவையும் அளந்து, சராசரியாக்கி, வந்த எண்ணை ஊரின் பெயரில் எழுதிவைக்கிறது. ஊராரோ வழி, மேய்ச்சல்தரை, கடன், பாதுகாப்பு, ஊர்க்காணியின் மீதான பிடி ஆகியவற்றைப் பற்றிப் பேசுகிறார்கள். இரண்டும் ஒத்துப்போகாதது ஊராரின் அறியாமைக்குச் சான்று அன்று. பட்டியலில் எவை விடுபட்டன என்பதற்கே சான்று.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுள்ள இவ்வாவிக்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலம் எழுவான்கரை என்றும், மேற்கே வயல்களும் குளங்களும் காடுமாக விரியும் நிலம் படுவான்கரை என்றும் வழங்கப்படுகின்றன. மட்டக்களப்பு நகர், காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி போன்ற நெருக்கமான குடியிருப்புகள் முதற்கரையிலும், வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி போன்றவை மறுகரையிலும் உள்ளன. மாவட்டத்தின் 14 பிரதேச செயலாளர் பிரிவுகளுள் படுவான்கரைப் பிரிவுகள் பின்தங்கியவை என்பது அலுவலகங்களில் நிலைபெற்ற பாடம். அந்தப் பாடம் முழுப் பொய் அன்று. ஆனால் அது எந்த அளவுகோலால் பெறப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை.

அளவுகோலின் வரலாற்றையே முதலில் பார்க்கலாம். 2001ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு நாட்டின் 25 மாவட்டங்களுள் 18இல் மட்டுமே முழுமையாக நடந்தது. விடுபட்ட ஏழில் மட்டக்களப்பும் ஒன்று. 2002ஆம் ஆண்டின் வீட்டு வருமான செலவின ஆய்வு வடக்கு, கிழக்கு மாகாணங்களை உள்ளடக்கவில்லை. ஆகவே அந்த ஆய்வின் அடிப்படையில் வரையப்பட்ட உத்தியோகபூர்வ வறுமைக்கோடு, அதாவது ஒரு தலைக்கு மாதமொன்றுக்கு இன்றியமையாத செலவு இவ்வளவு என்று அரசு ஏற்ற தொகை, இந்த வாவிக்கரை மக்களின் உணவையோ செலவையோ காணாமலே முடிவு செய்யப்பட்டது. அடுத்து வந்த 2006/07 ஆய்வில் மட்டக்களப்பு சேர்க்கப்பட்டது. அதன்படி தேசிய வறுமை விகிதம் 15.2 வீதம், மட்டக்களப்பில் 10.7 வீதம். மாவிலாற்றில் தொடங்கிய போர் வாகரை வழியாகக் குடும்பிமலை வரை சென்ற காலம் அது. மாவட்டத்துக்குள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்து கூடாரங்களிலும் பாடசாலைகளிலும் கிடந்த அந்த மாதங்களில், நாட்டின் சராசரியை விடச் செழிப்பான மாவட்டமாக மட்டக்களப்பு ஏட்டில் நின்றது. போர் முடிந்தபின் 2009/10இல் விகிதம் 20.3 ஆயிற்று, 2012/13இல் 19.4, 2016இல் 11.3. அகதியாக அலைந்தபோது வசதியாகவும், வீடு திரும்பியதும் ஏழையாகவும், ஆறேழு ஆண்டுகளில் மீண்டும் போர்க்கால வசதிக்கும் ஒரு மாவட்டம் மாறியது என்று நம்ப எவரும் இல்லை. வீட்டு அலகுகளிலிருந்து மாதிரி எடுக்கும் ஓர் ஆய்வு, வீடிழந்தவனை எங்கே சந்திக்கும் என்ற வினாதான் இங்கே எழுகிறது. அந்த ஆண்டில் தங்கள் நிலைமையைப் பற்றி எந்த ஊராரைக் கேட்டிருந்தாலும் 10.7ஐ விடச் சரியான விடை கிடைத்திருக்கும்.

இது போர்க்கால விதிவிலக்கு என்று மறுதரப்பு சொல்லக்கூடும். சமாதான காலத்துக்கும் வரலாம். 2016இல் பழைய கோட்டின்படி நாட்டின் வறுமை 4.1 வீதம், 2019 ஆய்வின் முடிவுகள் 2012/13ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய கோட்டால் அளக்கப்பட்டபோது அது 14.3 வீதம். கோட்டைத் திருத்தியது சரியான செயலே. ஆனால் கோடு நகர்ந்தால் இலட்சக்கணக்கானோர் ஒரே இரவில் வறியவராகும் ஓர் அளவீட்டை இயற்கை விதிபோல் வணங்கிக்கொண்டு, ஊராரின் மதிப்பீட்டை மட்டும் நிலையற்றது என்று தள்ளுவது எந்த நியாயம்?

இந்த அளவீட்டின் உள்ளே இருக்கும் இன்னொரு பழுது வாவிக்கரையில் மிக ஆழமாகத் தெரியும். உத்தியோகபூர்வ வறுமை வருமானத்தால் அளக்கப்படுவதில்லை. நுகர்வுச் செலவால் அளக்கப்படுகிறது. குடும்பம் எவ்வளவு செலவழித்தது என்பதே கேள்வி. அந்தப் பணம் உழைப்பால் வந்ததா, நகை அடகால் வந்ததா, நுண்கடனால் வந்ததா என்பது வறுமைக்கோட்டுக்குத் தெரியாது. போருக்குப் பின் நுண்கடன் நிறுவனங்கள் கிழக்கின் ஊர்களுக்குள் புகுந்து, பெண்களைக் குழுக்களாக்கி, வாராவாரம் தவணை வசூலித்த வரலாறு நாடறிந்தது. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசே முன்வர வேண்டியிருந்தது. ஒரு கடனை அடைக்க மறு கடன் எடுத்து, இடையில் பிள்ளையின் படிப்புக்கும் மருந்துக்கும் செலவழித்த வீட்டை அந்தச் செலவு கோட்டுக்கு மேலே தூக்கிவிடும். தவணைக்காரர் வரும் நாளில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கும் அந்த வீட்டாரிடம் ஊரின் நிலை எப்படி என்று கேட்டால், முன்னைவிடக் கெட்டுவிட்டது என்பார்கள். ஆய்வு முன்னேற்றம் என்று பதியும். எது உணர்ச்சி, எது தகவல்?

பிரதேச செயலாளர் பிரிவு மட்டத்து வரைபடம் இன்னும் நுட்பமான ஏமாற்றம். ஆய்வின் மாதிரி அளவு சிறியது என்பதால் பிரிவுவாரியாக நேரடியாக எதையும் சொல்ல அதனால் இயலாது. ஆகவே, செலவுக்கும் வீட்டின் கூரை, சுவர், தலைவரின் கல்வி, குடும்ப அளவு போன்றவற்றுக்கும் உள்ள தொடர்பை ஆய்விலிருந்து கணித்து, அந்தத் தொடர்பை 2012 குடிசன மதிப்பின் விபரங்கள்மீது ஏற்றி, ஒவ்வொரு பிரிவிலும் இத்தனை வீதம் வறியவர் இருப்பர் என்று ஊகிக்கிறார்கள். சிறுபரப்பு மதிப்பீடு என்பது இதன் பெயர். புள்ளிவிபரவியலில் மதிப்புள்ள முறை இது. ஆனால் இதன் விளைபொருள் அளவீடு அன்று, ஊகம். நல்ல கூரை இருந்தால் நல்ல செலவும் இருக்கும் என்ற தொடர்பு, மனிதர் தம் உழைப்பால் கூரை போட்ட இடங்களில் பொருந்தும். வாவிக்கரையிலோ 2004 கடற்கோளுக்குப் பின்னும் 2009க்குப் பின்னும் ஆயிரக்கணக்கான வீடுகள் உலக வங்கி நிதியாலும் இந்திய வீட்டுத் திட்டத்தாலும் தொண்டு நிறுவனங்களாலும் எழுந்தவை. நாவலடியில் கடலை நம்பி வாழ்ந்து, கடற்கோளில் உறவுகளை இழந்து, திராய்மடுவில் குடியேற்றப்பட்டவர்களுக்குச் சீமெந்துச் சுவர் கிடைத்தது, கடல் தூரமாயிற்று. இந்திய வீட்டுத் திட்டத்தில் தரப்பட்ட 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவைக் கொண்டு வீட்டை முடிக்க முடியாமல் நகையை அடகுவைத்தவர்கள் உண்டு. கூரையைப் பார்த்து வளத்தை ஊகிக்கும் முறை, இந்த வீடுகளின் முன்னே நின்று தலைகீழான விடையைச் சொல்கிறது.

வீட்டைப் பற்றி இன்னும் சற்று நின்று பேச வேண்டும், ஏனெனில் மட்டக்களப்புச் சமூகத்தை அறியாத எவரும் இந்த இடத்தில் வழுக்கி விழுவர். இப்பகுதியின் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் வீடு பெரும்பாலும் பெண்ணுக்குரிய சீதனம். மகளுக்குக் கலியாணம் பேசும்போது வீடு பேசப்படும். பெற்றோர் தாம் இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு அதே வளவில் சிறு கொட்டிலுக்கோ அடுத்த மகளுக்காகக் கட்டத் தொடங்கிய அரைகுறைச் சுவருக்கோ நகர்வது வழக்கம். காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி போன்ற ஊர்களிலிருந்து பெண்கள் மத்திய கிழக்குக்கு வீட்டுவேலைக்குப் போனதற்கும் இந்தச் சுவர்களுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. சுட்டி என்ன செய்கிறது? சுவரைச் சொத்து என்று பதிகிறது. பூசிய சுவர், ஓட்டுக் கூரை, சீமெந்துத் தரை என்ற மூன்றும் சேர்ந்தால் அந்தக் குடும்பம் வசதியின் பக்கம் தள்ளப்படுகிறது. அந்தக் குடும்பத்துக்கோ அதே வீடு தலைமுறைக் கடன். அதை விற்க முடியாது, பிரிக்க முடியாது, மகளின் வாழ்க்கை அதன்மேல் நிற்கிறது. மூன்று பெண் பிள்ளைகள் உள்ள வீட்டைப் பாரம் மிகுந்த வீடு என்று அயலார் சொன்னால் அது பழமைவாதப் பேச்சு என்று சீதன எதிர்ப்பாளர் கோபிக்கலாம், கோபிக்கவும் வேண்டும். ஆனால் அந்த வீட்டின் பொருளாதார நிலையைப் பற்றிய சரியான அறிக்கை அதுதான்.

அடுத்தது நிருவாக எல்லைகளின் பிரச்சினை. ஏறாவூர்ப்பற்றுப் பிரிவு செங்கலடி, வந்தாறுமூலை ஆகிய நெடுஞ்சாலையோர ஊர்களையும் வாவிக்கு மேற்கே கரடியனாறு முதலான ஊர்களையும் ஒரே பெயரின் கீழ் அடக்குகிறது. கிரானைத் தலைமையிடமாகக் கொண்ட கோறளைப்பற்று தெற்கும் அவ்வாறே. கடைத்தெருவும் தொடருந்துப் பாதையும் உள்ள ஊர்களும், மழைக்காலத்தில் புலிபாய்ந்தகல் வீதி மூழ்கியதும் படகை நம்பியிருக்கும் திகிலிவெட்டை, குடும்பிமலைப் பக்கத்து ஊர்களும் ஒரே எண்ணைச் சுமக்கின்றன. பரப்பின் சராசரியைக் கொண்டு அதிலுள்ள ஒவ்வொருவரையும் தீர்மானிப்பது தவறு என்பதை 1950இலேயே அமெரிக்கச் சமூகவியலாளர் வில்லியம் ரொபின்சன் எடுத்துக்காட்டினார். சூழற்பிழை என்று அது பாடநூல்களில் பேர்பெற்றது. பாடநூலில் படித்த அதே அலுவலர்கள் செயற்றிட்டக் கூட்டத்தில் பிரிவின் சராசரியைக் காட்டி நிதி பிரிக்கிறார்கள். நகரை உள்ளடக்கிய மண்முனை வடக்கு ‘நல்ல’ பிரிவு. அதன் விளிம்பில் வெள்ளத்தில் நிற்கும் குடியிருப்புகள் அந்த நல்ல பெயரால் நட்டப்படுகின்றன.

இனி, ஊரார் சொல்வதன் பக்கம் வரலாம். அவர்கள் வீட்டுப்பொருள் பற்றி அதிகம் பேசுவதில்லை. போக்குவரவைப் பற்றிப் பேசுகிறார்கள். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகை எதிர்பார்த்து நின்றவர்களுக்கு ஊரின் நிலை என்பது வைத்தியசாலைக்கு எவ்வளவு நேரம், பிரசவ வலி இரவில் வந்தால் என்ன வழி என்பதே. 2014இல் யப்பானிய உதவியுடன் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டு கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஆரையம்பதியோடு இணைந்தபோது அந்தப் பிரதேச வாழ்க்கையில் நிகழ்ந்த மாற்றம் எந்த வீட்டின் கூரையிலும் தெரிந்திருக்காது. அடுத்துப் பேசுவது காணியையும் மேய்ச்சல்தரையையும் பற்றி. மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல்தரையில் வெளியார் பயிர்செய்ய வந்ததால் மாடுகளை மேய்க்க இடமிழந்த பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தொடர் போராட்டத்தில் அமர்ந்தனர். மாட்டைச் சொத்தாக எண்ணும் எந்தச் சுட்டியிலும் பட்டி வைத்திருப்பவன் வசதியானவன். மாடு உண்டு, மேயத் தரையில்லை என்ற நிலையைப் பதிய அங்கே கட்டம் இல்லை. 1990இன் வன்செயலுக்குப் பின் படுவான்கரை வயல்களுக்குப் போக முடியாமற்போன முஸ்லிம் விவசாயிகளின் இழப்பும் அத்தகையதே: உறுதி கையில் இருக்கும், காணி காலடியில் இருக்காது. இரவெல்லாம் யானைக்கு விழித்திருந்து காலையில் வயலுக்குப் போகிறவனின் உறக்கத்தையும் எந்த ஆய்வும் கேட்டதில்லை.

மறுதரப்பின் வலுவான வாதம் அமர்த்தியா சென்னிடமிருந்து வருகிறது. அதை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். நெடுங்காலம் இல்லாமையில் வாழ்பவர்கள் தம் விருப்பங்களைச் சுருக்கிக்கொள்கிறார்கள், ஆகவே அவர்களது மனநிறைவு நம்பத்தக்க அளவுகோல் அன்று என்று அவர் வாதிட்டார். ஆயுட்காலம் மிக நீண்ட கேரளத்தில் மக்கள் தமக்கு நோய் அதிகம் என்று சொல்வதையும், ஆயுள் குறைந்த பீகாரில் நோய் குறைவு என்று சொல்வதையும் அவர் சான்றாகக் காட்டினார். இதை மேற்கோள் காட்டுபவர்கள் இரண்டைக் கவனிப்பதில்லை. சென்னின் ஐயம் உள்ளத்து நிறைவைப் பற்றியது. பாலம் இல்லை, மேய்ச்சல்தரை போயிற்று, பாடசாலையில் கணிதத்துக்கு ஆசிரியர் இல்லை என்பவை உள்ளத்து நிலைகள் அல்ல. சென்று பார்த்துச் சரிபார்க்கக்கூடிய கூற்றுகள். மேலும், கேரளத்தவர் நோயை அதிகம் சொன்னது அங்கே வைத்தியர் எட்டும் தூரத்தில் இருந்ததாலும் கல்வி இருந்ததாலும் தான். ஆகவே அந்தச் சான்றிலும்கூட மக்களின் கூற்று ஒரு தகவலைத் தாங்கி நின்றது. அதைப் படிக்கத் தெரிய வேண்டியது ஆய்வாளரின் கடமை.

ஊராரைக் கேட்டால் அரசியல் புகும் என்பது இரண்டாவது வாதம். அஸ்வெசுமவுக்கு முந்திய நலன்புரித் திட்டமான சமுர்த்தியின் காலத்துப் பட்டியல்கள் கட்சிக்காரரின் கைக்குள் இருந்தன என்ற குற்றச்சாட்டு பொய் அன்று. இந்த அனுபவத்தின் மீதுதான் அஸ்வெசும 22 சுட்டிகளோடு கட்டப்பட்டது. ஊர்க்கூட்டத்தில் எழுந்து பேசுபவர் கோயில் வண்ணக்கராகவோ பள்ளிவாசல் நம்பிக்கையாளராகவோ பெருநிலக்காரரான போடியாராகவோ இருப்பதும், கீழ்ப்படுத்தப்பட்ட சாதியாரும் தனித்து வாழும் பெண்களும் வாசற்படியில் நின்றுவிடுவதும் உண்மை. ஆனால் இதிலிருந்து பெறப்படுவது, கேட்கும் முறை திருந்த வேண்டும் என்பதே. கேட்கவே வேண்டாம் என்பது அன்று. அரசியலற்றது என்று போற்றப்படும் புள்ளிமுறையையும் அருகில் வந்து பார்க்கலாம். மிக வறியவர் 4 இலட்சம் குடும்பங்கள், வறியவர் 8 இலட்சம், பாதிக்கப்படக்கூடியோர் 4 இலட்சம், நிலைமாறுவோர் 4 இலட்சம் என்ற தொடக்க எண்ணிக்கைகள் வீடுகளை எண்ணிப் பெறப்பட்டவை அல்ல. கொடுப்பனவுகள் தொடங்குமுன்னரே வரவுசெலவுக்கு ஏற்ப நிர்ணயிக்கப்பட்டவை. தொடக்கத்தில் மாதம் 15,000 ரூபா பெற்ற குடும்பத்துக்கும் 8,500 ரூபா பெற்ற அடுத்த குடும்பத்துக்கும் இடையே இருந்த கோட்டைக் கூரையும் மின்பட்டியலும் மட்டும் தீர்மானிக்கவில்லை. திறைசேரியும் சேர்ந்தே தீர்மானித்தது. திறைசேரியின் முடிவும் அரசியல்தான், சுவரொட்டி இல்லாத அரசியல்.

இந்த மறுப்பைத் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள இன்னொரு கூட்டம் காத்திருக்கிறது. வாவி மீனும் வயல் நெல்லும் வைகாசிக் கண்ணகி சடங்கும் கூத்துக்களரியும் உள்ள படுவான்கரையை ஏழை என்று சொல்வதே நகரத்தாரின் கற்பனை என்பது அவர்கள் வாதம். மட்டக்களப்பின் நெற்களஞ்சியம் அந்தக் கரையே என்பதில் ஐயமில்லை. அந்த நெல்வயல்களில் கணிசமானவற்றின் உரிமையாளர் எழுவான்கரையில் இருப்பதும், வயலில் இறங்குபவர் கூலிக்கு இறங்குவதும் அதே அளவு உண்மை. தான்தோன்றீசுவரர் கோயில் தேரை இழுப்பதில் பெருமைகொள்பவர் தன் ஊரில் வேலையில்லை என்பதையும் ஒரே மூச்சில் சொல்வார். பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டு முறைப்பாட்டை விட்டுவிடுவது, முறைப்பாட்டை மட்டும் கேட்டுப் பெருமையைத் தள்ளும் அதிகாரியின் செயலுக்கு மறுபக்கம்.

தரவரிசை ஊரைத் தவறாகக் காட்டுவதோடு நிற்காது, ஊரை மாற்றவும் செய்யும். இங்கிலாந்தில் சிறு பரப்புகளை ஏழு துறைகளால் அளந்து வரிசைப்படுத்தும் உத்தியோகபூர்வச் சுட்டியில் எசெக்ஸ் கடற்கரையின் ஜேய்விக் 2010, 2015, 2019 ஆகிய மூன்று முறையும் நாட்டிலேயே மிகப் பின்தங்கிய இடமாக வந்தது. 2018இல் அமெரிக்கத் தேர்தல் விளம்பரம் ஒன்று அந்த ஊரின் படத்தைப் பயமுறுத்தலுக்குப் பயன்படுத்தியபோது, ஊரார் சினந்து எழுந்தனர். வாவிக்கரையில் அந்த முத்திரை சத்தமில்லாமல் வேலை செய்கிறது. ‘கஷ்டப் பிரதேசம்’ என்று வகுக்கப்பட்ட பாடசாலைக்கு வரும் ஆசிரியர் கட்டாய ஆண்டுகளை எண்ணிக்கொண்டு வருகிறார். மறுகரையிலிருந்து காலையில் வந்து மதியம் கடைசி பஸ்ஸைப் பிடிக்கிறார். பெறுபேறு குறைகிறது, குறைந்த பெறுபேறு அடுத்த வரிசையில் ஊரின் குறையாகப் பதியப்படுகிறது. அங்கே பிள்ளை வளர்ப்பவர்களைக் கேட்டிருந்தால், குறை ஊரில் இல்லை, பிற்பகலுக்குப் பின் ஊரில் இல்லாதவர்களிடம் உள்ளது என்று அன்றே தெரிந்திருக்கும்.

கடைசியாக எஞ்சுவது செலவு பற்றிய ஆட்சேபனை: ஒவ்வொரு ஊரையும் கேட்டு எழுத நேரமும் ஆளும் இல்லை என்பது. இது 2023இலேயே பொய்யாகிவிட்டது. சுமார் 37 இலட்சம் குடும்பங்கள் விண்ணப்பித்த அஸ்வெசுமவின் முதற் பட்டியல் வெளியானதும், ஏறத்தாழ 10 இலட்சம் மேன்முறையீடுகள் பிரதேச செயலகங்களில் குவிந்தன. கிராம உத்தியோகத்தரும் அபிவிருத்தி உத்தியோகத்தரும் அவற்றை விசாரிக்க வீடுவீடாக அலைந்தனர். சுவர் கல்லாக இருந்தும் தாம் ஏன் வறியவர் என்று மக்கள் தம் கையெழுத்தில் எழுதிக்கொடுத்த இத்தனை பெரிய ஆவணத்தொகுதி இலங்கையின் வறுமை ஆய்வுக்கு முன்னெப்போதும் கிடைத்ததில்லை. அந்த முறையீட்டு வழியின் அமைப்போ, ஒரு குடும்பத்தின் புள்ளியைத் திருத்த மட்டும் இடம் தந்தது. எந்தச் சுட்டியின் மீது எந்த ஊரிலிருந்து அதிக முறையீடு வந்தது என்று தொகுத்து, சுட்டியையே விசாரணைக்கு நிறுத்த அதில் வழி வைக்கப்படவில்லை.